ஊர்க் கணக்கில் வராத குழாய்: தென்காசி, குற்றாலம் பகுதியில் குடிநீர்க் கண்காணிப்பும் சட்டமும்

ஒரு பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ குடிநீர் எவ்வாறு வழங்கப்படுகிறது என்று கேட்டால், அலுவலகம் தரும் பதில் பெரும்பாலும் ஒற்றை எண்ணாகவே இருக்கும். ஆளுக்கு இத்தனை லிட்டர், இத்தனை வீட்டு இணைப்புகள், இத்தனை மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள். அந்த எண்ணில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் ஊர் என்பது ஒன்றாக இல்லை. ஊர்த் தெரு, காலனித் தெரு என்று இரண்டாகக் கிடக்கும் ஓரிடத்துக்கு ஒரே சராசரியைச் சொல்லும்போது, அந்தச் சராசரியே பாகுபாட்டை மறைக்கும் திரையாகிவிடுகிறது. கண்காணிப்பு என்பது தொட்டியில் தொடங்கித் தொட்டியிலேயே முடியும் வேலையாக இருக்கும்வரை, கடைசிக் குழாயில் குடத்துடன் நிற்பவருக்கு அதனால் பயன் இல்லை.

எனவே குடிநீரை ஊர்வாரியாக அல்ல, தெருவாரியாக அளக்க வேண்டும் என்கிறோம். எதை அளப்பது, எப்படி அளப்பது, அளந்ததைச் சட்டத்தின் முன் எவ்வாறு நிறுத்துவது என்பவற்றைத் தென்காசி மாவட்டத்தை முன்வைத்து இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

அருவிகளின் மாவட்டம்

தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவானது. அதன் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் குற்றாலத்தில் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என எங்கும் நீர் கொட்டும். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி நகரைக் கடந்து கிழக்கே ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. குளிக்க வருபவர்களுக்குச் சில மணி நேர மகிழ்ச்சியாக இருக்கும் அந்நீர், கீழே இருக்கும் குளங்களுக்கும் கிணறுகளுக்கும் ஆண்டு முழுவதுக்குமான ஊற்று. மலையடிவாரத்தை விட்டுக் கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் செல்லச் செல்ல மழை குறைகிறது. ஆழ்துளைக் கிணறும் கூட்டுக் குடிநீர்த் திட்டமுமே நம்பிக்கை.

குற்றாலத்து நீர் யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. இயற்கை நீரோட்டங்களைத் திருப்பிச் செயற்கை அருவிகளை அமைத்த தனியார் சொகுசு விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022ஆம் ஆண்டின் இறுதியில் உத்தரவிட்டது. அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்துவதையும் அதே நீதிமன்றம் முன்பே தடைசெய்திருந்தது. இவ்வழக்குகள் காட்டும் உண்மை எளியது. மேல்மடையில் நிலமும் பணமும் உள்ளவர் தண்ணீரைத் திருப்புகிறார். அழுக்கும் பற்றாக்குறையும் கீழ்மடைக்கு வந்து சேர்கின்றன. அந்த உண்மை மலையோடு நின்றுவிடுவதில்லை. தெருக்குழாய்வரை தொடர்கிறது. பகிர்மானக் குழாயில் மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீடுகள் தொட்டிக்கு அருகிலும், அழுத்தம் இழந்து சொட்டும் குழாய்கள் கடைக்கோடியிலும் இருப்பது நாம் நாள்தோறும் காணும் காட்சி. அந்தக் கடைக்கோடி எந்த மக்களின் தெரு என்பதைச் சாதியே பெரும்பாலும் முன்கூட்டித் தீர்மானித்துவிட்டிருக்கிறது.

இம்மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் ஆகிய இரண்டும் தனித்தொகுதிகள். தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதியே. பிரதிநிதித்துவம் இருப்பதாலேயே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை என்பதற்குப் பாஞ்சாகுளம் சாட்சி. சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள அவ்வூரில், 2022 செப்டம்பரில், கடைக்கு வந்த தலித் குழந்தைகளுக்கு ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டித் தின்பண்டம் மறுக்கப்பட்டது. மிட்டாய்க்கே கட்டுப்பாடு போடும் சமூகத்தில் தண்ணீர் எப்படிப் பகிரப்படுகிறது என்று கேட்காமல் எந்தக் கண்காணிப்பும் முழுமை பெறாது.

அளவும் தரமும் தனித்தனிக் கேள்விகள் அல்ல என்பதைக் கடையநல்லூர் காட்டியது. 2012ஆம் ஆண்டு அந்நகரிலும் சுற்றுப்புறங்களிலும் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவிப் பல உயிர்களைப் பறித்தது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீடுகளில் சேமித்து வைக்கும் நல்ல நீரில் முட்டையிடுவது. நாள் கணக்கில் இடைவெளி விட்டுத் தண்ணீர் வரும் தெருவில் மக்கள் அண்டாவிலும் டிரம்மிலும் தொட்டியிலும் நீரைச் சேமித்தே ஆக வேண்டும். மூடி வைக்கவில்லை என்று அவர்களைக் குறைசொல்வது எளிது. ஏன் சேமிக்க வேண்டியிருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

வேங்கைவயல் சொல்வது

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பர் 26 அன்று வெளிச்சத்துக்கு வந்தது. அது வெளிச்சத்துக்கு வந்த விதம் கவனத்துக்குரியது. எந்த ஆய்வகமும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைகள் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சலால் அடுத்தடுத்துப் பாதிக்கப்பட்டார்கள். குடிநீரைச் சோதிக்குமாறு மருத்துவர்கள் சொன்னார்கள். அதன்பின் அம்மக்களே தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். அதாவது, அரசின் கண்காணிப்புக் கருவியாகச் செயல்பட்டவை அக்குழந்தைகளின் உடல்கள்.

வழக்கு 2023 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை உயர் நீதிமன்றம் அமைத்தது. 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை வேங்கைவயல் மக்கள் ஏற்கவில்லை. பல கட்சிகளும் இயக்கங்களும் மத்தியப் புலனாய்வு விசாரணையைக் கோரின.

அவ்வழக்கின் தீர்ப்பை இங்கே நாம் எழுதப்போவதில்லை. ஆனால் இத்தகைய எந்த வழக்கிலும் எழும் முதல் கேள்விகளை நாம் அறிவோம். அத்தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? மூடிக்குப் பூட்டு இருந்ததா? சாவி யாரிடம் இருந்தது? முந்தைய நாள் குழாயில் குளோரின் எவ்வளவு இருந்தது? இவற்றுக்கான விடைகள் நாள்தோறும் தாளில் ஏறியிருந்தால் அவை சாட்சியம். ஏறாதிருந்தால், எவர் நினைவையும் எவரும் மறுக்கலாம். பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குவதும் எளிதாகிவிடும். தெருவாரிப் பதிவேட்டை நாம் வலியுறுத்துவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

எவை அளவுகோல்கள்?

கிராமப்புறங்களுக்கு, 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டரை வீட்டுக் குழாயில் தர வேண்டும் என்கிறது. நகரங்களுக்கு, பாதாளச் சாக்கடை உள்ள இடத்தில் 135 லிட்டர், இல்லாத இடத்தில் 70 லிட்டர் என்பது மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு நெடுங்காலமாகக் கொண்டிருந்த அளவு.

தரத்துக்கான அளவுகோல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500:2012. அதில் நாம் மனத்தில் கொள்ள வேண்டியவை சில. ஒரு லிட்டர் நீரில் எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம், அதுவும் நுகர்வோரின் குழாயில், இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை நுண்ணுயிரி ஒன்றுகூடத் தென்படக் கூடாது. பி.எச். அளவு 6.5 முதல் 8.5 வரை. கரைந்துள்ள திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாதபோது 2000 வரை அனுமதி. புளோரைடுக்கு 1.0, மாற்று ஆதாரம் இல்லாதபோது 1.5. நைட்ரேட்டுக்கு 45, இதில் எந்தத் தளர்வும் கிடையாது. கழிவுநீரும் உரமும் நிலத்தடியில் இறங்கும் இடங்களில் நைட்ரேட் ஏறும் என்பதால், குடியிருப்பை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகளில் இதைத் தவறாமல் பார்க்க வேண்டும்.

குளோரின் அளவு 'நுகர்வோரின் குழாயில்' என்று தரநிலை சொல்வதைக் கவனிக்க வேண்டும். தொட்டியில் போதிய குளோரின் இருந்து, கடைசிக் குழாயில் இல்லாமல் போவது இயல்பாக நடப்பது. நீண்ட தூரம் ஓடும் நீர் வழியிலுள்ள அழுக்கோடு வினைபுரிந்து குளோரினை இழக்கிறது. தண்ணீர் நிறுத்தப்பட்டதும் குழாய் காலியாகி உள்ளே அழுத்தம் குறைகிறது. அப்போது சாக்கடைக்குள்ளும் சாக்கடையை ஒட்டியும் கிடக்கும் குழாயின் விரிசல் வழியே கழிவு உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் வரும் முதல் சில குடங்கள் அதையே சுமந்து வருகின்றன. தொட்டியில் எடுத்த மாதிரி நன்றாக இருக்கிறது என்ற சான்று இத்தெருவுக்குப் பொருந்தாது.

தெருவில் அளப்பது எப்படி?

இதற்குப் பொறியாளர் தேவையில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு, 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம், கடிகாரம், குளோரின் சோதிக்கும் சிறு பெட்டி ஆகியவை போதும்.

முதலில் அளவு. தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், குடம் நிரம்ப ஆன நொடிகள் மூன்றையும் எழுத வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு தெருக்குழாயை ஐந்து பேர் கொண்ட 20 குடும்பங்கள் நம்பியிருக்கின்றன. 55 லிட்டர் வீதம் ஒரு குடும்பத்துக்கு 275 லிட்டர், அதாவது 18 குடத்துக்கு மேல் வேண்டும். குடம் நிரம்ப 90 நொடி ஆகிறது என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர். இரண்டு மணி நேரம் வந்தால் மொத்தம் 1200 லிட்டர். குடும்பத்துக்கு நான்கு குடம், ஆளுக்கு 12 லிட்டர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தால் 6 லிட்டர். அலுவலகப் பதிவேட்டில் இதே தெரு 'குடிநீர் வசதி செய்யப்பட்ட குடியிருப்பு' என்று இருக்கும். அந்த இரு வரிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணாக மாற்றுவதே நம் வேலை. ஊர்த் தெருக் குழாய் ஒன்றிலும் அதே நாளில் அதே முறையில் அளந்து பக்கத்தில் எழுதினால், பாகுபாடு என்பது குற்றச்சாட்டாக அல்லாமல் கணக்காக நிற்கும்.

அடுத்து குளோரின். சோதனைக் குழாயில் நீரெடுத்துக் கரைசலையோ மாத்திரையையோ சேர்த்தால் நிறம் மாறும். வண்ண அட்டையுடன் ஒப்பிட்டு அளவைப் படிக்கலாம். ஊராட்சிகளில் ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளித்துக் களச்சோதனைப் பெட்டி வழங்க வேண்டும் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் ஏற்பாடு. அந்த ஐவரில் காலனித் தெருவைச் சேர்ந்தவர் ஒருவரேனும் உண்டா, பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்பது நம் உரிமை. தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது ஊராட்சிகளில் வழக்கமான அளவு. 10,000 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம். திறந்து கிடக்கும் மூட்டையில் பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால், போட்டதாகச் சொல்வது மட்டும் போதாது. குழாயில் சோதித்தே உறுதிசெய்ய வேண்டும்.

மூன்றாவது, தொட்டி. கழுவிய தேதி எழுதப்பட்டிருக்கிறதா, மூடி இருக்கிறதா, பூட்டு இருக்கிறதா, ஏணிக்குத் தடுப்பு இருக்கிறதா என்று மாதம் இருமுறை படமெடுத்து வைக்க வேண்டும். தொட்டிக்குள் இறங்கிக் கழுவும் வேலையைச் செய்பவர் யார், அவருக்குப் பாதுகாப்பு உண்டா என்பதையும் எழுத வேண்டும். பல இடங்களில் அவரும் நம் தெருக்காரரே.

நான்காவது, ஆய்வகம். நுண்ணுயிரிச் சோதனைக்குக் கிருமி நீக்கிய புட்டி வேண்டும். புட்டியைக் குளிர்ச்சியாக வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். மழை தொடங்கிய முதல் வாரங்களிலும் கோடையின் கடைசியிலும் சோதிப்பது முக்கியம். குற்றாலச் சீசன் தொடங்கும் நாட்களில் கூட்டமும் புதுவெள்ளமும் ஒருங்கே வருவதால் சிற்றாற்றங்கரைத் தெருக்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது நீர்நிலைகளின் மீதான உரிமை எவரும் தந்த கொடை அன்று. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றைப் பயன்படுத்தும் உரிமையை ஒடுக்கப்பட்டோருக்கு அரசாணையாகப் பெற்றுத் தந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அருந்தினார். அவ்வுரிமையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 1937ஆம் ஆண்டு ஆகிவிட்டது. பத்தாண்டுக்கால வழக்கு நடந்தது ஒரு மிடறு தண்ணீருக்காக.

அரசமைப்பின் 15(2) உறுப்பு, அரசு நிதியில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், நீராடும் துறை ஆகியவற்றில் சாதியின் பெயரால் தடை கூடாது என்கிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது. 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையில் மாசற்ற நீரும் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. கர்நாடகத்தில் புதிதாக அமைத்த ஆழ்துளைக் கிணற்றில் தலித் மக்கள் நீரெடுப்பதைத் துப்பாக்கி காட்டித் தடுத்தவர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தபோது, அந்த விடுதலையை அப்பா பாலு இங்களே வழக்கில் 1992 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இரு பிரிவுகளை ஒவ்வொரு செயற்பாட்டாளரும் அறிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தை மாசுபடுத்துவது பிரிவு 3(1)(எக்ஸ்)இன்கீழ் குற்றம். ஆறு, ஊற்று, கிணறு, குளம், தண்ணீர்க் குழாய், நீராடும் துறை ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது பிரிவு 3(1)(இசட்ஏ)இன்கீழ் குற்றம். இரண்டுக்கும் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறை. இச்சட்டம் விதித்த கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரைப் பிரிவு 4 தண்டிக்கிறது. முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்பதைப் பிரிவு 18ஏ தெளிவாக்குகிறது. குற்றம் செய்யக்கூடும் எனக் கருதப்படுபவரைப் பகுதியிலிருந்து வெளியேற்றப் பிரிவு 10 நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பாஞ்சாகுளம் வழக்கில் இப்பிரிவுதான் பயன்பட்டது.

நாம் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தண்ணீர் போதாமல் வருவது தானாகவே வன்கொடுமைக் குற்றமாகிவிடாது. ஊர்த் தெருவுக்கு வந்து நம் தெருவுக்கு வராமல் ஒருவர் வால்வை அடைத்தார் என்பதைக் காட்டினால்தான் வழக்கு நிற்கும். அதைக் காட்டுவது மேலே சொன்ன இரண்டு பத்திக் கணக்கு.

பதிவேட்டிலிருந்து நீதிமன்றம்வரை

ஒரு மனு அனுபவத்தைச் சொல்கிறோம். கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று அளித்த மனுவுக்கு, 'ஊருக்குப் போதிய குடிநீர் வழங்கப்பட்டுவருகிறது. குறை நிவர்த்தி செய்யப்பட்டது' என்று ஓர் அலுவலகம் பதில் தந்து கோப்பை முடித்தது. மறுமுறை முப்பது நாள் அளவுகளை, குழாய் எண்ணுடனும் நேரத்துடனும் இணைத்துக் கொடுத்தோம். ஆய்வுக்கு ஆள் வந்தார். எண் இருக்கும் மனுவைப் பொதுச் சொற்களால் முடித்துவிட முடிவதில்லை.

ஆகவே பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் அளந்தவர் கையொப்பமும் இரு சாட்சிகளின் கையொப்பமும் இருக்கட்டும். கைப்பேசிப் படங்களை அசல் கருவியிலேயே வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. நாம் தனியே எடுத்த நீர் மாதிரியை எதிர்த்தரப்பு ஐயுறும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே), பதிவேடுகளை நேரில் பார்வையிடவும் பொருட்களின் சான்றளிக்கப்பட்ட மாதிரிகளைப் பெறவும் உரிமை தருகிறது. தொட்டி கழுவிய பதிவேடு, குளோரின் பதிவேடு, ஆய்வக முடிவுகள், வால்வு திறக்கும் நேர அட்டவணை ஆகியவற்றைத் தெருவாரியாகக் கேட்க வேண்டும். 'தெருவாரியாகப் பராமரிக்கப்படவில்லை' என்ற பதில் வந்தால் அதுவே ஒரு சாட்சியம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாள், தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்று. அன்று பதிவேட்டைப் படித்துத் தீர்மானமாக்க வேண்டும். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் செயல் அலுவலரிடமும் ஆணையரிடமும், பின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடமும் நகலைக் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். குடிநீர்ப் பாகுபாட்டை அதன் பொருள்நிரலில் சேர்க்கக் கோரலாம். தடுத்தலோ மாசுபடுத்தலோ நடந்தால் காவல் நிலையத்தோடு 14566 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்ய வேண்டும்.

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவின் குறியாகிவிட்ட சொல் போவது வரவேற்கத்தக்கது. ஆனால் தொட்டியும் குழாயும் தனித்தனியாக இருக்க, பெயர் மட்டும் ஒன்றானால், கோப்பில் வேறுபாட்டைக் காட்டிக்கொண்டிருந்த கடைசி அடையாளமும் மறைந்துவிடும். இனி அந்த வேறுபாட்டைக் காட்டப்போவது நாம் வைத்திருக்கும் பதிவேடுதான். தென்காசியிலோ குற்றாலத்திலோ சங்கரன்கோவிலிலோ, இதைப் படிக்கும் மாணவர்கள் தங்கள் தெருவின் கடைசிக் குழாயிலிருந்து நாளைக் காலை அதைத் தொடங்கலாம். முதல் வரியில் எழுத வேண்டியவை மூன்றே: தேதி, தண்ணீர் வந்த நேரம், குடம் நிரம்ப ஆன நொடிகள்.